வானத்தின் புறம்போக்கு: 1996-ஐ வாசித்தல்

விண்வெளி வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் அட்டவணைதான். தேதி, ராக்கெட், ஏவுதளம், சுமந்து சென்ற பொருள், கடைசிக் கட்டத்தில் வெற்றி அல்லது தோல்வி. 1996-க்கும் அப்படியொரு அட்டவணை இருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட ஏவுதல்கள். பிப்ரவரி 17 அன்று எரோஸ் என்ற குறுங்கோளை நோக்கி 'நியர்' கிளம்பியது. மார்ச் 21-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. மூன்றாவது முறையாகப் பறந்து 922 கிலோ எடையுள்ள தொலையுணர்வுச் செயற்கைக்கோளை நிலைநிறுத்தியது. அதே மார்ச்சில் 'மிர்' நிலையத்துக்குப் போன ஷானன் லூசிட் செப்டம்பர் வரை 188 நாட்களை விண்ணில் கழித்தார். ஆகஸ்டில், அண்டார்டிகாவில் கிடைத்த செவ்வாய்க் கல் ஒன்றில் பழைய உயிரின் தடயம் இருக்கலாம் என்று நாசா விஞ்ஞானிகள் சொல்ல, கிளிண்டன் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் நின்று அதைப் பற்றிப் பேசினார். ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்கக் கலங்கள் இரண்டு செவ்வாய்க்குப் புறப்பட்டன. மேலே, மேலே, இன்னும் மேலே.

இந்த அட்டவணையை நான் தலைகீழாக வாசித்துப் பார்க்கிறேன். அந்த வருஷம் கீழே விழுந்தவை எவை? எங்கே விழுந்தன? விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள்? அதற்குப் பிறகு யார் வந்தார்கள், எதைத் தேடி வந்தார்கள்? 'தோல்வி' என்று ஒரே சொல்லில் முடிந்துபோகிற வரிகளுக்குக் கீழே ஒரு நிலம் இருக்கிறது. அந்த நிலம் அட்டவணையில் வராது.

ராக்கெட்டைப் பற்றி வாய் திறந்தாலே 'அப்ப நீங்க மாட்டுவண்டியிலயே போங்க' என்று சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செயற்கைக்கோள் தந்த புயல் எச்சரிக்கையால் உயிர் பிழைத்தவர்கள் நம் கடற்கரையெங்கும் இருக்கிறார்கள், அது பெரிய விஷயம். நான் கேட்பது வேறு கணக்கு: இழப்பு என்று எது பதிவாகிறது, எது பதிவாவதில்லை.

*

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், லியாங்ஷான் யி தன்னாட்சி வட்டாரத்தில் மியன்னிங் என்றொரு மாவட்டம். மலைநாடு. யி மக்கள் வாழும் பகுதி. உலகம் ஷீச்சாங் ஏவுதளம் என்று அறிந்திருப்பது ஷீச்சாங் நகரத்தில் இல்லை. அறுபது கிலோமீட்டர் தள்ளி இந்த மாவட்டத்துப் பள்ளத்தாக்கு ஒன்றில்தான் இருக்கிறது. சீனப் புரட்சியின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு மியன்னிங் வேறு காரணத்துக்காக நினைவிருக்கலாம். 1935 மே மாதம், நெடும்பயணத்தின்போது, செஞ்சேனை இந்த வழியாகத்தான் போனது. தளபதி லியு போச்செங் இங்குள்ள ஏரிக்கரை ஒன்றில் யி மக்களின் தலைவர் ஒருவரோடு சேவல் ரத்தம் கலந்து குடித்துச் சகோதர உறுதி எடுத்துக்கொண்டார் என்பது சீனப் பாடப்புத்தகங்களில் இன்றும் உள்ள கதை. பின்னாளில் சீனா தன் ராக்கெட் வரிசைக்கு வைத்த பெயரும் அதே நெடும்பயணம்தான்.

ராக்கெட் விடுவதற்குக் கடலோரம்தான் வசதி என்பது எல்லோருக்கும் தெரியும். சீனா ஏன் நாட்டின் உட்புறத்து மலைக்குள் போனது? இடம் தேர்வான 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோவியத் யூனியனும் அமெரிக்காவும் எந்நேரமும் தாக்கலாம் என்ற பயம் அதற்கு இருந்தது. முக்கியமான தொழில்களையெல்லாம் கரையிலிருந்தும் எல்லையிலிருந்தும் விலக்கி உள்நாட்டு மலைகளுக்கு நகர்த்தும் 'மூன்றாம் முன்னணி' கொள்கையின் காலம் அது. எதிரியின் குண்டிலிருந்து ராக்கெட்டைப் பாதுகாக்க மலைக்குள் கொண்டுபோனார்கள். ராக்கெட்டிலிருந்து மலையில் இருப்பவர்களை யார் பாதுகாப்பது என்ற கேள்வி அந்தக் கணக்கில் எழவே இல்லை.

1995 ஜனவரி 26-ஆம் தேதி இங்கிருந்து கிளம்பிய நெடும்பயணம் 2ஈ ராக்கெட் வானிலேயே வெடித்தது. சிதறிய துண்டுகள் விழுந்து கீழே 6 பேர் இறந்தார்கள், 23 பேர் காயமடைந்தார்கள். இதை ஒத்திகை என்று சொன்னால் குரூரமாக இருக்கும், ஆனால் அடுத்த வருஷம் நடந்ததைப் பார்க்கும்போது வேறு சொல் வாய்க்கவில்லை.

1996 பிப்ரவரி 15. சீனப் புத்தாண்டுக்கு இன்னும் நான்கே நாள். அதிகாலை 3 மணி 1 நிமிடம். நெடும்பயணம் 3பி ராக்கெட்டின் முதல் பயணம். உச்சியில் இன்டெல்சாட் 708. (இன்டெல்சாட் அப்போது பல நாட்டு அரசுகளின் கூட்டமைப்பு. இந்தியாவும் அதில் உறுப்பு. ஆகவே இந்தக் கதையில் நாம் வெறும் பார்வையாளர் இல்லை.) கோபுரத்தைவிட்டு எழும்போதே ராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்தது. படுத்தவாக்கில் பறந்து, 22 வினாடியில் பக்கத்து மலைச்சரிவில் மோதியது. எரிபொருள் கிட்டத்தட்ட முழுவதும் அப்படியே இருந்தது. அதிலும் பெரும்பகுதி டைமெத்தில் ஹைட்ரசீனும் நைட்ரஜன் டெட்ராக்சைடும்: இரண்டும் சேர்ந்தால் எரியும், இரண்டும் நஞ்சு. மோதிய இடத்துக்கு அருகில் ஏவுதளத்தின் குடியிருப்புகளும் மாயேலின் என்ற கிராமமும் இருந்தன.

இறந்தவர்கள் 6, காயம்பட்டவர்கள் 57 என்று சீன அரசு அறிவித்தது. வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் பல மணி நேரம் அங்கேயே நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு தங்குமிடத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். போகும் வழியில் வண்டியிலிருந்து எடுக்கப்பட்ட வீடியோ ஒன்று வெளியே வந்தது. கூரையும் சன்னலும் இழந்து வரிசையாக நிற்கும் கட்டிடங்கள். இதைப் பார்த்தவர்கள் இறந்தவர் தொகை நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று எழுதினார்கள். மேற்கத்தியப் பத்திரிகைகளில் அந்த எண் ஊதிக்கொண்டே போனது. 2013-இல் சீன விண்வெளித் திட்டத்தைத் தொடர்ந்து எழுதிவரும் சென் லான் இதை மறுத்தார்: ஏவுதலுக்கு முன் ஊராரை வெளியேற்றிவிடுவது அங்கே வழக்கம், நூற்றுக்கணக்கில் இறந்திருக்க முடியாது என்பது அவர் வாதம்.

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. அரசு சொன்னால் பொய், ஆகவே ஐந்நூறு. அல்லது அமெரிக்கக்காரன் சொன்னால் பொய், ஆகவே ஆறு. எனக்கு இந்த ஏலத்தில் கலந்துகொள்ள விருப்பமில்லை. அரசின் 6 என்ற எண் சுதந்திரமான எந்த விசாரணையாலும் சோதிக்கப்படாத எண். நூற்றுக்கணக்கு என்பது வீடியோவில் பார்த்த சுவர்களிலிருந்து ஊகித்த எண். இரண்டு எண்களும் மாயேலின்காரர்கள் வாயிலிருந்து வந்தவை அல்ல. பனிப்போர் முடிந்த பிறகும் முடியாத ஒரு சண்டையில், செத்தவர்கள் சோழிகளாக உருட்டப்பட்டார்கள்.

சரி, பதிவே இல்லையா என்றால், மலைபோல் இருக்கிறது. வேறொன்றைப் பற்றி.

செயற்கைக்கோளைச் செய்தது அமெரிக்காவின் லோரல் நிறுவனம். அடுத்ததாக ஷீச்சாங்கிலிருந்து போகவிருந்த இன்னொரு செயற்கைக்கோளுக்குக் காப்பீடு செய்ய வேண்டிய நிறுவனங்கள், சீனர்கள் சொல்லும் விபத்துக் காரணத்தைச் சுதந்திரமான குழுவொன்று சரிபார்த்தால்தான் பணம் போடுவோம் என்றன. லோரல் தலைமையில் குழு அமைந்தது. ராக்கெட்டின் திசையறியும் மேடையில் ஒரு மின்னிணைப்பு அறுந்ததுதான் காரணம் என்று கடைசியில் கண்டறியப்பட்டது. தங்கமும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஒரு கம்பி. அவ்ளோதான். ஆனால் அந்தக் குழுவின் அறிக்கை அமெரிக்க அரசின் அனுமதியில்லாமல் சீனர்கள் கைக்குப் போனது. ராக்கெட்டைத் திருத்தச் சொல்லிக்கொடுத்தால் ஏவுகணையைத் திருத்தச் சொல்லிக்கொடுத்த மாதிரிதானே என்று வாஷிங்டனில் புயல் கிளம்பியது. செயற்கைக்கோளில் இருந்த ரகசியக் குறியீட்டுப் பலகைகள் இடிபாட்டில் கிடைக்கவில்லை என்பது இன்னொரு புயல். அமெரிக்க நாடாளுமன்றம் குழு அமைத்தது. 1999-இல் காக்ஸ் அறிக்கை வெளியானது. செயற்கைக்கோள்கள் போர்த்தளவாடப் பட்டியலுக்குள் கொண்டுவரப்பட்டன. 2002-இல் லோரல் 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது.

ஒரு விபத்து; அதிலிருந்து எழுந்த கேள்விகள் இவை. அடுத்த செயற்கைக்கோளுக்குக் காப்பீடு கிடைக்குமா? ரகசியப் பலகை யார் கையில்? தொழில்நுட்பம் கைமாறியதா? காப்பீட்டாளருக்குக் குரல் இருந்தது, உளவுத்துறைக்குக் குரல் இருந்தது, நாடாளுமன்றத்துக்குக் குரல் இருந்தது. மாயேலின் இந்த ஆவணங்களில் வருவது பின்னணியாக மட்டுமே. மௌனத்தை அரசுதான் திணிக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு சொல்லாடலும் அதே வேலையைச் செய்யும், இன்னும் கச்சிதமாக.

*

நான்கு மாதம் கழித்து, ஜூன் 4-ஆம் தேதி, பூமியின் மறுபக்கம். தென்னமெரிக்காவின் வடகரையில் பிரெஞ்சு கயானா, கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புத்தம்புது ஏரியன் 5 முதன்முறையாகக் கிளம்பி, சுமார் 37 வினாடியில் 3,700 மீட்டர் உயரத்தில் திசைமாறி உடைந்து தன்னைத்தானே வெடித்துக்கொண்டது. சூரியக் காற்றை ஆராயப் போன நான்கு 'கிளஸ்டர்' கலங்கள் போயின.

இதன் காரணம் கணினிக்காரர்கள் வட்டாரத்தில் பழங்கதையாகிவிட்டது. ஏரியன் 4-இல் ஓடிய மென்பொருளை அப்படியே ஏரியன் 5-க்கும் எடுத்துப் போட்டார்கள். புதிய ராக்கெட்டின் பக்கவாட்டு வேகம் அதிகம். ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணிக்க வேண்டிவந்தது. அந்த இடம் 32,767-க்கு மேல் தாங்காது. முதலில் மாற்றுக்கருவி நின்றது, நொடியின் ஒரு சிறு பின்னத்தில் முதன்மைக்கருவியும் அதே காரணத்தால் நின்றது. இரண்டிலும் ஓடியது ஒரே மென்பொருள். இதில் வேடிக்கை, அந்தக் கணக்கு ராக்கெட் தரையைவிட்டு எழுந்த பிறகு எதற்கும் தேவைப்படாத கணக்கு.

கணிதமேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக்குழு அமைந்தது. ஜூலை 19-ஆம் தேதியே அறிக்கை வந்துவிட்டது. ஒளிவுமறைவில்லாத, படிக்கத்தக்க அறிக்கை, சும்மா சொல்லக்கூடாது. சிதறல்கள் சுமார் 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திச் சதுப்பிலும் புல்வெளியிலும் விழுந்தன. அந்தச் சேற்றுக்குள் இறங்கித் தேடி, பழுதான கருவிகளைக் கண்டெடுத்து, அவற்றின் நினைவகத்தைப் படித்தார்கள். யாரும் சாகவில்லை. ஷீச்சாங்கையும் கூரூவையும் பக்கத்தில் வைத்து, ஜனநாயகம் என்றால் இதுதான் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் கூரூவில் ஏன் யாரும் சாகவில்லை? அங்கே ஆள் இல்லை. ஏன் ஆள் இல்லை? பிரான்ஸ் முதலில் ராக்கெட் விட்ட இடம் அல்ஜீரியாவின் ஹம்மாகீர் பாலைவனம். 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றதும் இன்னும் சில வருஷத்தில் அதைக் காலிசெய்தாக வேண்டும். 1964-இல் கயானாவைத் தேர்ந்தெடுத்தார்கள்: பூமத்தியரேகைக்கு அருகில், கிழக்கே திறந்த கடல், மக்கள் குறைவு, முக்கியமாக இன்னும் பிரான்ஸ் வசமிருக்கும் மண். கூரூவுக்கும் சின்னமாரிக்கும் இடைப்பட்ட கரையில் இருந்த கிரியோல் விவசாயக் குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். கூரூவுக்கு எதிரே கடலில் தெரிவது பிரெஞ்சு அரசு கைதிகளை அடைத்துவைத்த தீவுகள், டிரைஃபஸ் கிடந்த பேய்த்தீவு உட்பட. இன்று அவை பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்தின் சொத்து. தண்டனைக் குடியிருப்பும் ஏவுதளமும் ஒரே காரணத்துக்காகத்தான் அங்கே போயின: தலைநகரத்திலிருந்து தூரம். 1996-இல் சதுப்பின்மேல் விழுந்த ஏரியன், முப்பது வருஷத்துக்கு முன்பே காலிசெய்யப்பட்ட நிலத்தில் விழுந்தது. லியோன்ஸ் அறிக்கை மில்லிவினாடி வரை துல்லியமானது. அதன் காலக்கோடு ராக்கெட் பற்றவைக்கப்பட்ட நொடியிலிருந்து தொடங்குகிறது. 1964-க்கு அதில் இடம் இருக்க முடியாது.

*

மூன்றாவது விழுகை நவம்பரில். இதுதான் என்னை அதிகம் உறுத்துவது. ஏனென்றால் இதில் விழுந்த பொருளை யாரும் தேடவே இல்லை.

சோவியத் யூனியன் உடைந்த பிறகு ரஷ்யா செவ்வாய்க்கு அனுப்ப முயன்ற முதல் கலம் மார்ஸ் 96. ஆறு டன்னுக்கு மேல் எடை. பல நாடுகளின் கருவிகள். செவ்வாயின் தரையில் இறங்கவேண்டிய சிறு நிலையங்களுக்கும், தரையைத் துளைத்து இறங்கவேண்டிய ஈட்டிகளுக்கும் சூடும் மின்சாரமும் தர 200 கிராமுக்கு மேல் புளூட்டோனியம் 238. நவம்பர் 16 அன்று பைக்கனூரிலிருந்து புரோட்டான் ராக்கெட் கிளம்பியது. முதல் மூன்று கட்டங்களும் சரியாக வேலை செய்தன. நான்காம் கட்டம் இரண்டாம் முறை எரியவேண்டிய இடம் ரஷ்யத் தரைநிலையங்களின் கண்ணுக்கு எட்டாதது. முன்பெல்லாம் இதற்கென்றே கண்காணிப்புக் கப்பல்கள் கடலில் நிற்கும். 1996 ரஷ்யாவில் கப்பல் அனுப்பக் காசில்லை. ஆகவே நான்காம் கட்டம் ஏன் ஒழுங்காக எரியவில்லை என்று இன்றுவரை திட்டமாகத் தெரியாது. ஒரு வல்லரசின் வறுமை எங்கெல்லாம் வந்து விழும், பாருங்கள்.

அது ஆஸ்திரேலியாவில் விழக்கூடும் என்று முதலில் கணக்கிட்டார்கள். உடனே கிளிண்டன் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டைத் தொலைபேசியில் அழைத்து, தேவையான உதவியெல்லாம் செய்வதாகச் சொன்னார். ஆஸ்திரேலியாவே பரபரத்தது. பிறகு, தென் பசிபிக்கில் விழுந்துவிட்டது, கவலை வேண்டாம் என்று அறிவிப்பு வந்தது. செய்தி அதோடு முடிந்தது.

சிலியில் முடியவில்லை. அன்றிரவு அட்டகாமா பாலைவனப் பகுதியில் இருந்தவர்கள், அவர்களில் வானியல் அறிந்தவர்களும் உண்டு, மெதுவாக உடைந்தபடி எரிந்துபோகும் ஒன்றை வானத்தில் பார்த்திருந்தார்கள். நவம்பர் 29-இல், பத்து நாளுக்கு மேல் கழித்து, அமெரிக்க விண்வெளிப் படைப்பிரிவு தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. பசிபிக்கில் விழுந்தது ராக்கெட்டின் நான்காம் கட்டம். புளூட்டோனியம் இருந்த கலம் அதற்கு முந்தின நாளே விழுந்துவிட்டது. விழுந்திருக்கக்கூடிய நீள்வட்டம் சிலியின் வடகரையில் இக்கீக்கே நகரத்துக்குக் கிழக்கே தொடங்கிப் பொலிவியப் பக்கம் நீள்கிறது. ஐமாரா மக்களின் மேட்டுநிலம் அது. திருத்தம் வந்தது; தொலைபேசி அழைப்பு வந்ததாகத் தெரியவில்லை. தேடுதல் பணி எதுவும் நடக்கவில்லை. புளூட்டோனியம் வைத்த உறைகள் எரியாமல் தரைக்கு வரும்படித்தான் செய்யப்பட்டிருந்தன. அப்படியென்றால் அவை அங்கேதான் எங்கோ கிடக்கவேண்டும்.

இதை முறையின்மை என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. முறை இருந்தது. 1978-இல் அணு உலையோடு சுற்றிக்கொண்டிருந்த சோவியத் காஸ்மாஸ் 954 கனடாவின் வடபுலத்தில் விழுந்தபோது கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து மாதக்கணக்கில் பனியில் தேடின. கனடா ரசீது போட்டு அனுப்பியது. 1981-இல் சோவியத் யூனியன் 30 லட்சம் கனடிய டாலர் கொடுத்துத் தீர்த்தது. 1972-ஆம் ஆண்டு சர்வதேசப் பொறுப்பு ஒப்பந்தம் இதற்காகவே இருக்கிறது. தரையில் விழுந்து சேதமானால் ஏவிய நாடுதான் முழுப்பொறுப்பு, தவறு யாருடையது என்று நிரூபிக்கக்கூட வேண்டாம். ஆனால் கேட்கவேண்டியவர் அரசு. அரசு கேட்டால்தான் உண்டு. இன்னொரு விஷயம், இந்த ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு: ஏவிய நாட்டின் சொந்தக் குடிமக்களுக்கு நேரும் சேதத்துக்கு இது பொருந்தாது. மாயேலின்காரர் கனடாவில் பிறந்திருந்தால் சர்வதேசச் சட்டம் அவருக்கு உண்டு. சீனாவில் பிறந்ததால் அவருக்கு உள்ளது சீன அரசு மட்டுமே.

*

இதுவரை சொன்னவை விபத்துகள். விபத்தே நடக்காமல் விழுபவை தனி. மார்ஸ் 96-ஐத் தூக்கிச்சென்ற அதே புரோட்டான், ஒழுங்காகப் பறக்கும் ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்தைக் கஜகஸ்தானின் புல்வெளியிலும் இரண்டாம் கட்டத்தை அல்தாய் மலைப்பக்கமும் உதிர்த்துவிட்டுத்தான் போகும். அட்டவணையில் இது 'வெற்றி'. ரஷ்ய நிர்வாக மொழியில் அந்த நிலங்களுக்குப் பெயரே 'விழும் வட்டாரம்'. அடித்தொட்டியில் மிச்சமிருக்கும் எரிபொருளும் மாயேலினில் எரிந்த அதே வகைதான். அங்கே அதை 'ஹெப்டில்' என்பார்கள். ஆட்டிடையர்களும் கிராமத்தாரும் விழுந்த உலோகத்தை வெட்டி எடுத்து விற்றார்கள், கொட்டகை போட்டார்கள். 2000-இல் ஜோனாஸ் பெண்டிக்சன் அல்தாயில் எடுத்த புகைப்படம் பலருக்குத் தெரிந்திருக்கும்: விழுந்து கிடக்கும் ராக்கெட் துண்டின்மேல் இரண்டு பேர் நிற்கிறார்கள், சுற்றிலும் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் பட்டாம்பூச்சிகள். அழகான படம். அந்த அழகே எனக்குப் பிரச்சினையாக இருக்கிறது, அதை இன்னொரு முறை பேசலாம். பைக்கனூருக்கு ரஷ்யா ஆண்டுக்கு 11 கோடியே 50 லட்சம் டாலர் வாடகை தரவேண்டும் என்று 1994-இல் ஒப்பந்தமானது. ஏவுகிற நிலத்துக்கு விலை பேசிவிட்டார்கள். விழுகிற நிலத்தைப் பற்றிய பேரம், 1999-இல் இரண்டு புரோட்டான்கள் கஜக் மண்ணில் நொறுங்கி, கஜகஸ்தான் ஏவுதலையே தடுத்து நிறுத்திய பிறகுதான் சூடுபிடித்தது.

நம் வருவாய்த்துறைச் சொல் ஒன்று இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது: புறம்போக்கு. வரி வராத நிலம், தனி ஆளுக்குப் பட்டா இல்லாத நிலம். ஏரிக்கரை, மேய்ச்சல் தரை, கடற்கரை, சுடுகாடு. எல்லோரும் புழங்குவது; ஆகவே யாருடையதும் இல்லை என்று எழுதிக்கொள்ள வசதியானது. பிறகு அது வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது. யி மலை, கயானாச் சதுப்பு, அட்டகாமா, கஜகப் புல்வெளி எல்லாம் விண்வெளி யுகத்தின் புறம்போக்குகள். வெறும் நிலம் என்று ஒன்று இயற்கையில் இருப்பதில்லை. யாரோ ஒரு வரைபடத்தில் கோடு போட்டு அதை வெறுமையாக்குகிறார்கள்.

1996 மார்ச் 21-ஐ மறுபடி எடுத்துக்கொள்கிறேன். பி.எஸ்.எல்.வி. போனது, யார்மீதும் விழவில்லை. இஸ்ரோ தன் கட்டங்களைக் கடலில்தான் உதிர்க்கிறது, அந்த மட்டில் ஷீச்சாங்கோடு ஒப்பிடுவது நியாயமில்லை. துருவப் பாதைக்குத் தெற்கே போகவேண்டிய ராக்கெட், இலங்கை நிலத்தின்மேல் பறக்கக்கூடாது என்பதற்காகத் தென்கிழக்கே போய், பிறகு வளைந்து திரும்புகிறது. அந்த வளைவுக்கு எரிபொருள் செலவு, சுமக்கும் எடையும் குறைகிறது. ஆக, கீழே இருப்பவர்களுக்காக ராக்கெட் வளைந்துகொடுக்கும். கீழே இருப்பது இன்னொரு நாடாக இருக்கவேண்டும், அவ்வளவே.

ஸ்ரீஹரிகோட்டா 1969-இல் தேர்வானபோது பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலிருந்த அந்தத் தீவு காலியாக இல்லை. யானாதிப் பழங்குடிகள் அங்கே காட்டில் சேகரித்தும் ஏரியில் மீன்பிடித்தும் வாழ்ந்தார்கள். பலர் வெளியேற்றப்பட்டார்கள், சிலர் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் கூலிகளாக மிஞ்சினார்கள். தும்பாவில் மீனவர்கள் தங்கள் மாதாகோவிலையும் நிலத்தையும் விஞ்ஞானத்துக்குத் தந்த கதை நம் பள்ளிகளில் எல்லாம் சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். கொடுத்தவர்கள் கதைக்குள் வருகிறார்கள், எடுக்கப்பட்டவர்கள் வருவதில்லை. யானாதிகளைப் பற்றி எந்த ஆசிரியரும் வகுப்பில் சொல்லிக் கேட்டதில்லை. பழவேற்காட்டுப் பக்கம் ராக்கெட் விடுகிற நாளில் 'கடலுக்குப் போகாதே' என்று அறிவிப்பு வரும். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை என்றால் பெரிதில்லை என்று தோன்றலாம். வருஷத்துக்கு முப்பது என்றால்?

இந்தக் கேள்வி கற்பனையானது இல்லை. 2024 பிப்ரவரி 28-இல் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். அங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம், இலங்கைக்காக வளையவேண்டியதில்லை, சின்ன ராக்கெட்டுகளுக்கு அதனால் பெரிய லாபம். தனியார் கம்பெனிகளும் அங்கிருந்து ஏவுவதற்காகவே இந்தத் திட்டம். எத்தனை நாள் கடல் மூடப்படும் என்பதை இஸ்ரோ மட்டும் தீர்மானிக்கும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. அது இனிச் சந்தையின் கணக்கு.

விழுபவற்றின் நிலவரமும் 1996-இலிருந்து எல்லா இடத்திலும் மாறிவிடவில்லை. சீனா ஹைனான் தீவில் கடலோர ஏவுதளம் திறந்தது 2016-இல். ஷீச்சாங்கும் தொடர்கிறது. 2024 ஜூன் 22 அன்று பிரான்சும் சீனாவும் சேர்ந்து செய்த வானியல் செயற்கைக்கோள் ஒன்றை அங்கிருந்து ஏவினார்கள். செந்நிறப் புகை கக்கிக்கொண்டு அதன் கீழ்க்கட்டம் குய்சோ மாகாணத்துக் கிராமம் ஒன்றின் அருகே விழுவதையும், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஜனங்கள் ஓடுவதையும் உலகமே செல்பேசியில் பார்த்தது. கூரூவில் 12 சதுர கிலோமீட்டர் சேற்றைச் சலித்தெடுத்த அதே பிரான்ஸ்தான் இதில் கூட்டாளி. செயற்கைக்கோள் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அட்டவணையில்: வெற்றி.

அதற்கு முந்தைய வருஷம், 2023 ஜூலையில், மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரை ஒன்றில் ஆளுயரத்துக்கு மேல் ஓர் உலோக உருளை ஒதுங்கியது. போலீஸ் காவல் போட்டது. நஞ்சு இருக்கிறதா என்று சோதித்தார்கள். இரண்டே வாரத்தில், அது நம் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம் என்று அந்நாட்டு விண்வெளி அமைப்பு அடையாளம் கண்டு அறிவித்தது. அப்படித்தான் நடக்கவேண்டும். குலசையிலும் அப்படி நடக்குமா என்று கேட்பதற்கு, முதல் ராக்கெட் போவதற்கு முந்தைய இந்த நேரமே சரியான நேரம். ஏவிய நாடு நாமே என்பதால் 1972 ஒப்பந்தம் நமக்கு உதவாது. உள்நாட்டுச் சட்டத்துக்காக 2017-இல் ஒரு வரைவு மசோதா வெளியானது, 2023-இல் விண்வெளிக் கொள்கை வந்தது. கொள்கையை வைத்துக்கொண்டு யாரும் நீதிமன்றம் போக முடியாது. குலசையில் எடுத்த நிலத்துக்குச் சர்வே எண் உண்டு, அதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று தொகை பேசலாம். ராக்கெட் விடுகிற நாளில் மூடப்போகிற கடலுக்குச் சர்வே எண் கிடையாது. இழப்பீட்டுப் படிவத்தில் அதை எழுதக் கட்டம் இல்லை.